எங்க வீட்டு வண்டி ஓடிய பந்தயம்

மஞ்சக்குப்பத்தில் வண்டியை சர்வீஸுக்கு விட்டுக் காத்திருந்தேன். பக்கத்தில் பானெட் திறந்தபடி ஒரு பழைய மாருதி எஸ்டீம் கார். மனசு சென்னைக்குப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை கார் பந்தயக் களத்துக்குப் போய்விட்டது. வாசலில் நிற்கிற அதே எஸ்டீம்தான். பின் சீட்டைக் கழற்றி, உள்ளே இரும்புக் கூண்டு மாட்டி, வளைவில் பக்கத்துக் காரை உரசிக்கொண்டு சீறும். வீட்டு வண்டிகளையே மாற்றியமைத்து ஓட்டுகிற டூரிங் கார் பந்தயத்தின் அழகே அதுதான்.

1994-இல் பிரிட்டனில் வால்வோ தன் 850 எஸ்டேட்டையே, அந்த நீளமான குடும்ப வண்டியையே, களத்தில் இறக்கியது. இன்று? டபிள்யூடிசிஆர் என்ற டூரிங் கார் உலகக் கோப்பை 2022-உடன் முடிந்தது. ஜெர்மனியின் டிடிஎம் பந்தயத் தொடர் 2021-இல் ஜிடி3 வகை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு மாறிவிட்டது. செலவு ஏற ஏற கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன.

ஜிடி3 வேகம்தான், சரி. ஆனால் அதைப் பார்த்து "இது எங்க வீட்டு வண்டி" என்று என் பையன் கத்த முடியாதே!

எஸ்டீம்காரர் வந்ததும் கேட்டுக்கொண்டேன், "இதை மட்டும் வித்துடாதீங்கண்ணே."