லீடர்ஷிப் படிக்க ஒரு விபத்து அறிக்கை

தலைமைப் பண்பு பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் அனுப்புவது ஒரு விபத்து அறிக்கையின் பின்னிணைப்பை. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடிகளில் சிதறி ஏழு பேர் இறந்துபோனார்கள் இல்லையா, அந்த விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் தன் கருத்தாக எழுதிச் சேர்த்தது அது. சில பக்கங்கள்தான், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. விண்கலமும் உயிர்களும் பறிபோகும் வாய்ப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு, இயந்திரத்தோடு நேரடியாகப் புழங்கும் இன்ஜினியர்கள் நூறில் ஒன்று என்கிற அளவில் சொல்கிறார்கள், நிர்வாகத்தில் இருப்பவர்கள் லட்சத்தில் ஒன்று என்கிறார்கள். லட்சத்தில் ஒன்று என்றால், தினம் ஒரு விண்கலம் வீதம் முந்நூறு வருடம் ஏவினால் ஒன்றைத்தான் இழப்போம் என்று அர்த்தம், எதை வைத்து இவ்வளவு நம்பிக்கை என்று கேட்கிறார் ஃபைன்மன்.

எந்த ஆபீசில் குப்பை கொட்டியவருக்கும் இந்த இடைவெளி தெரியும். கீழே இருப்பவர் "சார், இது தாங்காது" என்பார், அது நாலு மாடி ஏறி மேலே போய்ச் சேரும்போது ஸ்லைடில் எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும்.

இதைப் படித்துவிட்டு இன்னும் ஆழமாகப் போக வேண்டும் என்றால் சமூகவியலாளர் டயான் வாகன் 1996-இல் எழுதிய 'தி சேலஞ்சர் லாஞ்ச் டிசிஷன்'. தடிப் புத்தகம், நடுவில் நிறையவே இழுக்கும், ஆனால் விடாதீர்கள். ஏவுதலுக்கு முந்தைய இரவு, பூஸ்டர் (விண்கலத்தை மேலே தள்ளும் பக்கவாட்டு ராக்கெட்) தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் இந்தக் குளிரில் வேண்டாம் என்று மன்றாடுகிறார்கள், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போட்டுக்கொள் என்று அவர்களுடைய தலைவரிடம் சொல்லப்படுகிறது. இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்த கதை, வில்லன் யார் என்று உடனே முடிவு கட்டிவிடுவோம். வாகன் பல வருடக் காகிதங்களைத் தோண்டி எடுத்துக் காட்டுவது வேறு. பூஸ்டர் மூட்டுகளில் சூடான வாயு கசியாமல் அடைக்கும், குளிரில் விறைத்துப்போகும் ரப்பர் வளையம்தான் ஓ-ரிங், சேலஞ்சர் சிதறியது அது அடைக்கத் தவறியதால்தான். முன்பு போன ஏவுதல்களிலேயே ஓ-ரிங் அரித்துப்போய்த் திரும்பியிருந்தது. ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்த அரிப்பு 'ஏற்றுக்கொள்ளத்தக்கது' ஆனது. அடுத்த முறை கொஞ்சம் கூடுதல் அரிப்பு, அதுவும் கோப்பில் ஏறி ஏற்றுக்கொள்ளத்தக்கது ஆனது. விதியை மீறிய ஆளே யாருமில்லை, எல்லோரும் ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டே அந்த இரவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2003-இல் கொலம்பியா சிதறியபோது ஓ-ரிங்குக்குப் பதில் எரிபொருள் நிரப்பும் வெளித்தொட்டியிலிருந்து பெயர்ந்து விழும் நுரைத்துண்டு, மற்றபடி அதே பாதை.

சரி, வியாபாரப் புத்தகங்களுக்கு வருவோம். வெற்றி பெற்ற நிறுவனங்களின் ரகசியம் என்று வரும் எதையும் புதிதாக வாங்காதீர்கள், வெளியாகிப் பத்து வருடம் ஆனதாகப் பார்த்துப் படியுங்கள் என்பது என் கட்சி. 2001-இல் வந்து உலகம் முழுக்க விற்ற ஜிம் காலின்ஸின் 'குட் டு கிரேட்' பதினோரு நிறுவனங்களை முன்மாதிரியாக எடுத்து வைத்தது. அதில் சர்க்யூட் சிட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் கடைச் சங்கிலி 2008-இல் திவாலானது. வீட்டுக் கடன் நிறுவனமான ஃபேனி மேயை அதே வருடம் அமெரிக்க அரசு கையில் எடுக்க வேண்டி வந்தது. காலின்ஸ் உழைக்காமல் எழுதவில்லை, ஆனால் ஜெயித்தவர்களை முதலில் பொறுக்கி வைத்துக்கொண்டு ஏன் ஜெயித்தார்கள் என்று தேடினால் பணிவு, கட்டுப்பாடு என்று எல்லா நல்ல குணமும் கண்ணில் படத்தான் செய்யும்.

இதைத்தான் ஃபில் ரோசன்ஸ்வைக் 'தி ஹேலோ எஃபெக்ட்' புத்தகத்தில் (2007) பிரித்து மேய்கிறார். 2000-இல் நெட்வொர்க் கருவிகள் தயாரிக்கும் சிஸ்கோவைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய பத்திரிகைகள், அடுத்த வருடம் பங்கு விலை சரிந்ததும் அதே நிறுவனத்தில் திமிரையும் குழப்பத்தையும் கண்டுபிடித்தன. லாபம் வந்தால் தலைவர் தொலைநோக்குக்காரர், போனால் பிடிவாதக்காரர். வியாபாரப் புத்தகங்களில் ஒன்றே ஒன்றுதான் படிப்பேன் என்று அடம் பிடிப்பவருக்கு இதைத்தான் சொல்வேன்.

உளவியலில் டேனியல் கானமனின் 'திங்கிங், ஃபாஸ்ட் அண்ட் ஸ்லோ'. பாதிப் பேர் வாங்கி அலமாரியில் வைத்திருப்பார்கள், மொத்தமும் முடியாவிட்டால் சராசரிக்குத் திரும்புதல் (அளவுக்கு மீறி நன்றாகவோ மோசமாகவோ அமைந்தது அடுத்த முறை வழக்கமான அளவை நோக்கி வருவது) பற்றிய அத்தியாயத்தையாவது படித்துவிடுங்கள். இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர் ஒருவர், பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறார்கள், திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார்கள், இது என் அனுபவம் என்கிறார். கானமன் தரையில் சாக்பீஸால் குறி வரைந்து, அதிகாரிகளைத் திரும்பி நின்றபடி இரண்டு முறை நாணயம் வீசச் சொல்கிறார். முதல் வீச்சு அருமையாக விழுந்தவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது மோசமாகிறது, மோசமாக வீசியவர்களுக்குத் தேறுகிறது, யாரும் யாரையும் திட்டவும் இல்லை பாராட்டவும் இல்லை. நம் ஊர் வாத்தியார்களும் மேனேஜர்களும் "திட்டினாதான் வேலை நடக்கும்" என்று நம்புவதன் வேர் இங்கே இருக்கிறது. 'கிரேட்' நிறுவனங்கள் சில வருடங்களில் சாதாரணமாகிப் போவதும் இதே கணக்குத்தான்.

அதே புத்தகத்தில் பிரைமிங் (முன்பே கண்ணில் பட்ட ஒரு சொல்லோ படமோ நமக்குத் தெரியாமலேயே நம் நடத்தையை மாற்றுகிறது என்பது) பற்றிய நாலாவது அத்தியாயத்தை மட்டும் எச்சரிக்கையாகப் படிக்க வேண்டும். அதில் வரும் ஆய்வுகள் பல, திரும்பச் செய்து பார்த்தபோது நிற்கவில்லை. சிறிய ஆய்வுகளை அளவுக்கு மீறி நம்பிவிட்டேன் என்று கானமனே 2017-இல் வெளிப்படையாக எழுதினார். சிறிய சாம்பிளை நம்பி ஏமாறாதே என்று 1971-இலேயே சக உளவியலாளர் ஏமாஸ் ட்வெர்ஸ்கியோடு சேர்ந்து கட்டுரை எழுதிய மனிதர் அவர்! எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இதனால்தான்.

செய்முறைப் புத்தகமே வேண்டாமா என்றால், இன்டெலை நடத்திய ஆண்டி குரோவின் 'ஹை அவுட்புட் மேனேஜ்மென்ட்' (1983) ஒன்று போதும். முட்டை, டோஸ்ட், காபி மூன்றும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்கு வர வேண்டும் என்பதிலிருந்து உற்பத்தியை விளக்க ஆரம்பிப்பார். மேனேஜரும் அவருக்குக் கீழே இருப்பவரும் மட்டும் உட்கார்ந்து பேசும் தனிச் சந்திப்பு என்பது கீழே வேலை செய்பவருக்கான கூட்டம், என்ன பேசுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்வார். நம் ஆபீஸ்களில் இது எவ்வளவு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக ஊடகம். ஜான் கேரிரூவின் 'பேட் பிளட்' (2018) எலிசபெத் ஹோம்ஸின் தெரனோஸ் மோசடி பற்றியது. விரல் நுனி ரத்தத்தில் எல்லாச் சோதனையும் செய்வதாகச் சொல்லி, பெரும்பாலானவற்றை வேறு நிறுவனங்களின் இயந்திரங்களில் ஓட்டியவர்கள். நிறுவனத்தின் மதிப்பு ஒன்பது பில்லியன் டாலர்வரை ஏறியதில் அட்டைப்படம் போட்ட பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. கேரிரூவுக்கு முதல் துப்பு ஒரு நோயியல் மருத்துவரிடமிருந்து வருகிறது, அவர் வலைப்பதிவு எழுதுபவர் என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். தெரனோஸில் 125 மில்லியன் டாலர் முதலீடு செய்திருந்த ரூபர்ட் மர்டாக்தான் கேரிரூ வேலை பார்த்த பத்திரிகையின் முதலாளியும். செய்தியை நிறுத்தச் சொல்லி ஹோம்ஸ் அவரிடமே போய்க் கேட்கிறார், ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று மர்டாக் ஒதுங்கிக்கொள்கிறார். மர்டாக்கைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

தமிழில் இப்படி எழுத விஷயத்துக்கா பஞ்சம்? 1990-களில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி முளைத்து, வங்கியில் கிடைக்காத வட்டி தருவதாகச் சொல்லி, ஓய்வூதியப் பணத்தையும் கல்யாணப் பணத்தையும் சுருட்டிக்கொண்டு போய், கடைசியில் 1997-இல் தமிழக அரசு முதலீட்டாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பணம் கட்டியவர்கள், வசூல் செய்த ஏஜெண்டுகள், விளம்பரம் வாங்கிப் போட்டவர்கள் எல்லோரிடமும் போய்ப் பேசி யாராவது எழுதுங்கள், முதல் பிரதிக்கு நான் முன்பணமே கட்டிவிடுகிறேன், வட்டிகூட வேண்டாம்.