பழைய இன்ஜின் ஆயில்: தோட்டத்தில் எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை

காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டம். ஒரு டிராக்டர், ஒரு பவர் டில்லர், இரண்டு பைக் ஓடுகின்றன. டிராக்டருக்கு 250 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் ஏழெட்டு லிட்டர் கருப்பு ஆயில் வடிகிறது. மற்ற வண்டிகளில் இருந்து வருவதும் சேர்ந்து கொட்டகை மூலையில் கேன்கள் நிற்க ஆரம்பித்துவிட்டன. இதற்கு ஊரில் ஆளுக்கொரு உபயோகம் சொல்வார்கள். கரையானுக்கு ஊற்று, வேலிக்காலுக்குப் பூசு, மாட்டு உண்ணிக்குத் தடவு, வீட்டைச் சுற்றித் தெளித்தால் பாம்பு அண்டாது. இவற்றில் செய்து பார்க்கத் தக்கவற்றைச் செய்து பார்த்தேன், சிலவற்றை யோசித்த அளவிலேயே விட்டுவிட்டேன். இதுவரை தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

முதலில் இந்தக் கருப்பில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். புது ஆயிலில் தேய்மானத்தைத் தடுக்க துத்தநாகம், பாஸ்பரஸ் கலந்த மருந்துகள் இருக்கும். இன்ஜினுக்குள் ஓடும்போது அதோடு கரி, தண்ணீர், எரிபொருள், அமிலம், தேய்ந்த இரும்புத் தூள், செம்பு, ஈயம் எல்லாம் சேர்கின்றன. எரிதலில் உண்டாகும் பல வளைய ஹைட்ரோகார்பன்களும் அதில் தங்கிவிடுகின்றன. இவற்றில் சில புற்றுநோய் உண்டாக்குபவை. எலிகளின் தோலில் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசிப் பார்த்த சோதனைகளில் கட்டிகள் வந்திருக்கின்றன. ஒரு கேலன் பழைய ஆயில், அதாவது மூன்றே முக்கால் லிட்டர், பத்து லட்சம் கேலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. நம் கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். முப்பதுக்கு முப்பது அடிக் கிணற்றில் இருபது அடித் தண்ணீர் நின்றால் ஐந்து லட்சம் லிட்டர் வரும். அப்படி ஏழு கிணறு. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு எனக்கு ஒரே ஒரு விதிதான்: மண்ணுக்கும் தண்ணீருக்கும் வாய்க்கும் போகிற எந்த வேலைக்கும் இந்த ஆயில் கிடையாது.

வடிப்பதில் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறேன். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, வெதுவெதுப்பாக இருக்கும்போது டிரெயின் நட்டைக் கழற்றினால் அடியில் தங்கிய கசடும் சேர்ந்து வந்துவிடும். அகலமான தட்டில் பிடித்து, புனல் வைத்து மூடியுள்ள கேனில் ஊற்றுகிறேன். பழைய ஃபில்டரைக் கவிழ்த்து ஒரு ராத்திரி தட்டின் மேலேயே விட்டால் அதிலிருந்தும் ஒரு டம்ளர் அளவு இறங்கும். கேனைச் சில வாரம் அசைக்காமல் வைத்திருந்தால் தண்ணீரும் கசடும் கீழே போய்விடும். மேலாக இருப்பதைப் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி எடுத்துக்கொள்வேன். கூலன்ட், பிரேக் ஆயில், தின்னர், பெட்ரோல் எதுவும் இதில் ஒரு சொட்டுகூடக் கலக்கக் கூடாது. கலந்துவிட்டால் பின்னால் மறுசுத்திகரிப்புக்கு எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்காது. கைக்கு ரப்பர் கையுறை போட வேண்டும். துணிக் கையுறை ஆயிலைக் குடித்து நாள் முழுக்கத் தோலோடு ஒட்டவைத்துக்கொண்டிருக்கும்.

சரி, உதவிய வேலைகளுக்கு வருகிறேன்.

இரும்புதான் முதல் இடம். டிராக்டர் கலப்பையில் மண்ணைக் கிழிக்கும் ஒன்பது இரும்புக் கொழுக்களும் உழவு முடிந்ததும் கண்ணாடி மாதிரி மின்னும். அப்படியே விட்டால் ஐப்பசி மழையில் ஒரே வாரத்தில் செம்பழுப்பாகிவிடும். அடுத்த உழவில் அந்தத் துருப் பிடித்த முகத்தில் மண் ஒட்டி இழுக்கும். ஒரு பக்கக் கொழுக்களுக்கு வடிகட்டிய ஆயிலை மட்டும் பூசினேன். மறு பக்கத்துக்கு இரண்டு பங்கு ஆயிலோடு ஒரு பங்கு பழைய கிரீஸைக் குழைத்துப் பூசினேன். தனி ஆயில் நாளாக நாளாக வழிந்து கொழு நுனியில் சேர்ந்து சொட்டியது. மேல் பகுதியில் புள்ளி புள்ளியாகத் துரு. கிரீஸ் சேர்த்தது அடுத்த பருவம் வரை அப்படியே நின்றது. துடைத்துப் பார்த்தால் அடியில் அதே பளபளப்பு. இப்போது ரோட்டவேட்டர் கத்தி, பார் போடும் கலப்பை, டிரெய்லர் கொக்கி எல்லாவற்றுக்கும் இந்தக் கலவைதான்.

பூசும் விதத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். மண்ணைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, காயவிட்டு, அதற்கப்புறம் பனியன் வேஸ்ட் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவினால் போதும். ஒன்பது கொழுவுக்கும் சேர்த்து ஒரு டம்ளர் கலவைகூடச் செலவாகாது. கருவியைக் கொட்டகைக்குள் சிமென்ட் தரையில், அடியில் ஒரு தகரம் போட்டு நிறுத்துகிறேன். உழப் போகும் முன்னால் கொழுவைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மண்ணில் இறக்குவது. இந்தத் துடைக்கும் வேலை சலிப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் விடுவதில்லை.

மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாளுக்கு இதைத் தொடவிடுவதில்லை. அவை கீரைப் பாத்திக்குள் போகிறவை, கையில் பிடிக்கிறவை. உலர்ந்த மணலில் எண்ணெய் ஊற்றி அதில் கருவியைக் குத்தி வைக்கும் முறை நல்ல முறைதான், அந்த மணலுக்குப் புங்க எண்ணெய் ஊற்றினேன். மரக் கைப்பிடிகளுக்கு ஆளி விதை எண்ணெய். ஆளி எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடாகித் தீப்பிடிக்கும், விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

துருப் பிடித்த போல்ட்டு நட்டுகளுக்கு இது கைகண்ட மருந்து. பாதி ஆயில், பாதி டீசல், மூடி உள்ள ஒரு தகர டப்பா. இறுகிப்போன பழைய போல்ட்டு நட்டுகளை அதில் போட்டு வைத்தால் சில நாளில் ஸ்பேனருக்கு அசைந்து கொடுக்கும். கேட் கீல், ஷட்டர் சங்கிலி, டிரெய்லரின் பின்கதவுத் தாழ் இவற்றுக்கும் சொட்டு விடலாம். கிணற்று ராட்டினத்துக்கு மட்டும் கூடாது. அங்கிருந்து சொட்டினால் நேராகத் தண்ணீரில்தான் விழும். அந்தக் காலத்தில் மாட்டு வண்டி அச்சுக்கு வைக்கோலைக் கருக்கி விளக்கெண்ணெயில் குழைத்து மசகு போடுவார்கள். ராட்டினத்துக்கு நான் வெறும் விளக்கெண்ணெய்தான் விடுகிறேன், சத்தமில்லாமல் சுற்றுகிறது.

அடுத்தது தேன் பெட்டி. எனக்கு மிகவும் பிடித்துப்போன பயன்பாடு இதுதான். பெட்டி நிற்கும் தாங்கியின் நான்கு கால்களுக்கும் எறும்பு ஏறாமல் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது வழக்கம். சித்திரை வெயிலில் தண்ணீர் ஒரே நாளில் வற்றும், வற்றாத மாதத்தில் கொசுப் புழு நெளியும். அதில் பழைய ஆயிலை விரல் கணு ஆழத்துக்கு ஊற்றி வைத்தேன். வற்றவில்லை, எறும்பு கிண்ண விளிம்பு வரை வந்து மீசையை ஆட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. ஆனால் மழை வந்தால் சிக்கல். ஆயில் தண்ணீரில் மிதக்கும். கிண்ணம் நிரம்பியதும் முதலில் வழிவது ஆயில்தான், அதுவும் நேராக மண்ணுக்கு. அதனால் ஒவ்வொரு காலிலும் கிண்ணத்துக்கு நான்கு விரல் மேலே தகரத்தில் கூம்பு செய்து குடை போல மாட்டினேன். காலோடு சேரும் இடத்தில் எம்-சீல் வைத்து அடைத்தாயிற்று. மழைத்தண்ணீர் கூம்பில் வழிந்து வெளியே போய்விடுகிறது. தேனீக்களும் தவறிக் கிண்ணத்தில் விழுவதில்லை, இது நான் எதிர்பார்க்காத லாபம். கூம்பு கிண்ணத்தை விட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் அகலமாக இருக்க வேண்டும். சாரல் பக்கவாட்டில் அடிக்கும் இடமென்றால் இன்னும் கொஞ்சம். சுற்றிலும் புல் வளர்ந்து தாங்கியைத் தொட்டுவிட்டால் எறும்பு அந்த வழியே ஏறிவிடும், அதை மட்டும் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குள் தானிய டிரம்முக்கு இதே வேலையைச் செய்யச் சொல்லி வீட்டில் கேட்டார்கள். உணவுப் பொருள் பக்கத்தில் வேண்டாம் என்று சாம்பல் கோடு போட்டுக் கொடுத்தேன்.

வேலிக்கால்தான் இதில் பெரிய சோதனை. பழைய ஆயிலில் ஊறிய கம்பம் ஆயுசுக்கும் நிற்கும் என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். சவுக்குக் கம்பங்களை நான்கு வகையாகப் பிரித்தேன். சில வெறுமனே, சில ஆயில் பூசி, சில அடி இரண்டடியை வெட்டிய டிரம்மில் ஒரு வாரம் ஊறவைத்து, சில முந்திரி ஓட்டு எண்ணெய் பூசி. பண்ருட்டிப் பக்கத்து முந்திரி ஆலைகளில் இருந்து வரும் எண்ணெய் அது. தோலில் பட்டால் கொப்புளம் போடும், கையுறை இல்லாமல் தொட முடியாது. கிணற்றுக்கு எட்டத்தில், மேட்டு நிலத்தில் நட்டு, இரண்டு வடகிழக்குப் பருவமழை தாண்டிப் பிடுங்கிப் பார்த்தேன்.

வெறும் கம்பம் மண்மட்டத்தில் சோளத் தட்டை மாதிரி உடைந்தது. ஆயில் பூசிய கம்பத்துக்கும் கிட்டத்தட்ட அதே கதிதான். மேல் தோல் கருப்பாக அப்படியே இருக்க, உள்ளே கரையான் மண் நிரம்பியிருந்தது. ஊறவைத்தது வெளியே நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெயிலில் வெடித்த பிளவு வழியே கரையான் நடுவில் ஏறிவிட்டிருந்தது. பச்சை ஈரம் உள்ள மரம் ஆயிலைக் குடிப்பதே இல்லை, காய்ந்த மரமும் வெட்டுமுகத்தில் மட்டும்தான் குடிக்கிறது. ஆயிலுக்குக் கரையானைக் கொல்லும் விஷமும் பெரிதாக இல்லை, வாடை இருக்கும் வரை தள்ளி நிற்கும், அவ்வளவுதான். நான்கு வகையில் முந்திரி ஓட்டு எண்ணெய் பூசியவைதான் மற்றவற்றை விட நல்ல நிலையில் இருந்தன.

என்னை முடிவெடுக்க வைத்தது கம்பம் அல்ல, குழி. ஊறவைத்த கம்பத்தைச் சுற்றி ஒரு சாண் அகலத்துக்கு மண் கருத்து, அதில் ஒரு புல்கூட முளைக்கவில்லை. கம்பத்தில் நிற்க வேண்டிய ஆயில் மழையோடு மண்ணுக்கு இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த மண்ணை அள்ளிச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அந்த வரிசைக்கு இப்போது கல்லுக்கால் நட்டாயிற்று, இடையில் கிளுவைக் குச்சி ஊன்றியிருக்கிறேன். எங்கள் பக்கத்துக் கொறங்காடுகளுக்கு, அதாவது மேய்ச்சல் நிலங்களுக்கு, தலைமுறை தலைமுறையாகக் கிளுவைதான் வேலி. அது துளிர்த்து வளரும் உயிர்வேலி, கரையானுக்குப் பயப்படத் தேவையில்லை. பிடுங்கிய ஆயில் கம்பங்களை வெந்நீர் அடுப்புக்கு எடுக்க விடவில்லை. அதன் புகையில் ஈயமும் வரும். கொட்டகைக்குள் நனையாத இடத்தில் பரண் தாங்க வைத்திருக்கிறேன்.

செய்யாமலே விட்டவற்றில் முதலாவது மாட்டு உண்ணி. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், “ஏனுங்க தம்பி, கருப்பு ஆயில் ஒரு லிட்டர் குடுங்க, எருமைக்குத் தடவோணும்” என்று வந்தார். “வேண்டாமுங்க, நக்கிருமுங்க” என்று சொல்லி வேறு வழி எழுதிக் கொடுத்தேன். மாடு தன் உடம்பை நக்கும், கன்றை நக்கும். பழைய ஆயிலை நக்கி ஈய நஞ்சேறிய மாடுகளைப் பற்றிக் கால்நடை மருத்துவ நூல்களில் நிறையப் பதிவுகள் உண்டு. பூண்டு, வேப்பிலை, வேப்பம்பழம், வசம்பு, மஞ்சள், துளசி, உண்ணிச்செடி இலை அரைத்த கரைசலைத் தெளிக்கும் மூலிகை முறையை இப்போது கால்நடை மருத்துவர்களே சொல்கிறார்கள். உடம்போடு கொட்டகைச் சுவர் இடுக்கிலும் தெளித்தால்தான் பலன் நிற்கிறது.

தென்னைக் குருத்தில் காண்டாமிருக வண்டுக்கு ஆயில் ஊற்றுவதும் வேண்டாத வேலை. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் மட்டை இடுக்கில் போட்டால் அந்த வேலை நடக்கிறது. கரையான் ஏறும் தென்னைக்கு அடியிலிருந்து இரண்டு மீட்டர் உயரம் வரை ஐந்து சத வேப்பெண்ணெய்க் கரைசல் பூசுகிறோம். பாம்புக்கு ஆயில் தெளிப்பதில் எந்த ஆதாரமும் நான் காணவில்லை. வாசலில் தெளித்தது அடுத்த மழையில் எங்கே போகும் என்பது மட்டும் தெரியும். சங்கிலி ரம்பத்துக்கும் ஊற்றுவதில்லை. ஆயிலில் உள்ள இரும்புத் தூள் அதன் சின்ன பம்ப்பை அரிக்கும், வேகமாகச் சுற்றும் சங்கிலி அதை மூஞ்சியில் தூவும். கான்கிரீட் ஒட்டாமல் இருக்கச் சென்ட்ரிங் பலகையில் பூசக் கொத்தனார்கள் கேட்பார்கள். கறை பிடித்த கான்கிரீட்டில் பூச்சு சரியாகப் பிடிக்காது என்பதால் அதற்கும் கொடுப்பதில்லை.

இத்தனை வேலையும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் செலவாகவில்லை. வடிவது அதைப் போலப் பல மடங்கு. மீதிக்குச் சரியான இடம் மறுசுத்திகரிப்பு ஆலைதான். ஆயில் கருத்துப் போனாலும் அதன் அடிப்படை எண்ணெய் கெட்டுப்போவதில்லை, கலந்திருந்த மருந்துகள்தான் தீர்ந்துபோகின்றன. தண்ணீரை ஆவியாக்கி, வெற்றிடத்தில் காய்ச்சி வடித்து, கசடு நீக்கினால் திரும்பவும் மசகெண்ணெய் செய்யலாம். 2016ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் பயன்படுத்திய ஆயிலும் வருகிறது. 2023இல் அதில் திருத்தம் செய்து, 2024 ஏப்ரல் 1 முதல் ஆயில் விற்கும் கம்பெனிகளே பழையதைத் திரும்பச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பப் பொறுப்பேற்க வேண்டும் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். கிராமத்து ஒர்க்‌ஷாப்பில் லிட்டர் கணக்கில் வாங்கிப் போகிறவர்களிடம் எங்கே போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன். செங்கல் சூளைக்கோ பாய்லருக்கோ என்றால் கொடுப்பதில்லை. டிராக்டர் சர்வீஸுக்குப் போகும்போது மூடிய கேனிலேயே எடுத்துப் போய், மறுசுத்திகரிப்பு உரிமம் உள்ளவருக்கு அனுப்பும் டிரம்மில் ஊற்றச் சொல்லிவிடுகிறேன். வடிந்த ஃபில்டர்களும் ஒரு கவரில் கூடவே போகும்.

இப்போது கொட்டகையில் இருப்பது ஐந்து லிட்டர் கேன் ஒன்று, நட்டு டப்பா, ஒரு டின் கொழுக் கலவை. கேனில் தேதியும் எந்த வண்டி ஆயில் என்பதும் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. பவர் டில்லர் சர்வீஸ் முடிந்ததும் மற்ற தேன் பெட்டிகளின் தாங்கிகளுக்கும் தகரக் கூம்பு அடிக்க வேண்டும்.