எப்சம் டெர்பி ஓடும் மேட்டை அட்டையில் கட்டியது

இங்கிலாந்தின் எப்சம் நகரையொட்டிய புல்மேட்டில், மூன்று வயதுக் குதிரைகளுக்காக 1780 முதல் ஆண்டுதோறும் நடந்துவரும் டெர்பி பந்தயத்தின் வரலாற்றைக் குறிப்பேட்டில் எழுதி எழுதி அலுத்துப்போய், அது ஓடும் தடத்தையே மாதிரியாகக் கட்டி, நடந்ததை நடந்த இடத்திலேயே காகிதக் கொடியாகக் குத்திவைத்துப் பார்க்கலாம் என்று தொடங்கிய வேலை, நான்கு மாதங்களுக்குப் பிறகு ஏறக்குறைய முடிந்திருக்கிறது. பட்டியலில் வெறும் பெயர்களாகக் கிடந்த குதிரைகளில் பல, மேடு ஏறும் இடத்திலும் சரியும் இடத்திலும் நின்ற பிறகுதான் எனக்கு விளங்கின.

இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவைத் தேர்ந்தெடுத்தேன். பந்தயத் தூரமான ஒன்றரை மைல், அதாவது ஏறத்தாழ 2,420 மீட்டர், இந்த அளவில் 121 சென்டிமீட்டர் ஆகிறது. தடம் குதிரை லாடம் போல் வளைந்திருப்பதால் இரண்டடிக்கு இரண்டடி ப்ளைவுட் பலகையில் அடங்கிவிடும். உயரத்தில்தான் தடுமாறினேன். புறப்பட்ட இடத்திலிருந்து குதிரைகள் சுமார் 40 மீட்டர் மேலேறுகின்றன என்றாலும், மாதிரியில் அது வெறும் 2 சென்டிமீட்டர். முதலில் கட்டியது ஓரம் தூக்கிய ஊத்தப்பம் போலத்தான் இருந்தது. ஆகவே உயரத்தை மட்டும் இரட்டிப்பாக்கி, 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள அட்டைப்பெட்டித் துண்டுகளைப் பதினான்கு அடுக்குகளாக வெட்டி, மைதாப் பசையால் ஒட்டினேன்.

அந்தப் பசையே முதல் கோளாறானது. மூன்றாம் வாரம் ஒருநாள் காலையில் பார்த்தால், ஏற்றத்தின் உச்சியை இரவோடு இரவாகக் கரப்பான்கள் கொறித்திருந்தன. பைண்டிங் கடைப் பெரியவரிடம் சொன்னபோது, "துத்தம் போடாத பசையில நீங்க ஒட்டலைங்க, பூச்சிக்குப் படையல் வச்சிருக்கீங்க" என்றார். மேலிருந்த நான்கு அடுக்குகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, மயில்துத்தம் கலந்து காய்ச்சிய பசையில் மறுபடி ஒட்டியபின் எந்தப் பூச்சியும் அண்டவில்லை.

இரண்டாவது கோளாறுக்கு என் அவசரம்தான் காரணம். இன்றைய தடத்துக்கு அளந்து பலகையை வாங்கிவிட்டேன்; ஆனால் 1780 மே 4-ஆம் நாள் ஒன்பது குதிரைகள் ஓடிய முதல் டெர்பியின் தூரம் ஒரு மைல்தான். அந்த ஒரு மைலும் வளைவே இல்லாத நேர்க்கோடு. இப்போதைய கடைசி நேர்ப்பகுதியைக் கிழக்கே நீட்டினால் வரும் இடத்தில் அது தொடங்கியது. 80 சென்டிமீட்டர் நேர்க்கோட்டை 61 சென்டிமீட்டர் பலகையில் எப்படி வைப்பது? கிழக்குப் பக்கம் ஓரடித் துண்டு ஒன்றைக் கீழே ரீப்பர் கொடுத்து இணைத்தேன். இணைப்பு இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது. அதை மறைக்காமல் விட்டதில் எனக்கு வருத்தமில்லை, ஏனென்றால் 1784-இல் தூரம் ஒன்றரை மைலாக உயர்ந்து, டாட்டன்ஹாம் கார்னர் என்ற வளைவு பந்தயத்துக்குள் வந்தபோது, டெர்பியே வேறு பந்தயமாகிவிட்டது. தொடக்க இடம் 19-ஆம் நூற்றாண்டில் மேலும் நகர்ந்ததை நான் காட்டவில்லை. காட்டப்போனால் பலகை முழுவதும் ஒட்டுத் துண்டாகிவிடும்.

அந்த ஒட்டுத் துண்டில் நிற்கும் முதல் கொடி டயோமெட் என்ற குதிரையுடையது. பந்தயத்துக்கு யார் பெயரை வைப்பது என்று டெர்பி பிரபுவும் சர் சார்லஸ் பன்பரியும் நாணயம் சுண்டிப் பார்த்ததாகவும் பன்பரி தோற்றதாகவும் ஒரு கதை உண்டு. கதை எப்படியானாலும், முதல் பந்தயத்தை வென்றது பன்பரியின் டயோமெட்தான். டெர்பி பிரபு தம் பெயரிலான பந்தயத்தை வெல்ல, சர் பீட்டர் டீசல் என்ற குதிரையைக் கொண்டு, 1787 வரை காத்திருந்தார்.

ஏற்றம் முடிந்து டாட்டன்ஹாம் கார்னரை நோக்கி நிலம் சரியும் இடத்தில் கொடிகள் நெருக்கமாக நிற்கின்றன. 1962-இல் இந்தச் சரிவில் ஏழு குதிரைகள் விழுந்தன. அட்டை அடுக்குகளை விரலால் தடவிக்கொண்டே இறங்கினால், இடப்பக்கம் திரும்பியபடியே கீழே பாயும் கூட்டத்தில் ஒன்று இடறினால் பின்னால் வருவது விலக இடமிருக்காது என்பது தெரிகிறது. வளைவருகே 1913-க்கு ஒரு கொடி வைத்தேன். பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிய எமிலி டேவிசன் அங்கே தடத்துக்குள் இறங்கி, மன்னரின் அன்மர் என்ற குதிரை மோதி, நான்கு நாள் கழித்து இறந்தார். அதே பந்தயத்தில் முதலில் வந்த கிராகனோர் தகுதிநீக்கம் செய்யப்பட்டு, பணம் கட்டியவர்களுக்கு ஒன்றுக்கு நூறு கிடைக்கும் நிலையிலிருந்த அபாயர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கான கொடியை வின்னிங் போஸ்ட் அருகே தனியாகக் குத்தினேன்.

1844-ஐ எங்கே குத்துவது என்பதுதான் பெரிய சிக்கலாக இருந்தது. அந்த ஆண்டு முதலில் வந்த ரன்னிங் ரெய்ன் உண்மையில் மக்கபியஸ் என்ற நான்கு வயதுக் குதிரை. அந்தப் பருவத்தில் ஓராண்டு மூப்பு என்பது உடல்வலுவில் பெரிய சலுகை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனபோது நீதிபதி ஆல்டர்சன் குதிரையைக் கொண்டுவரச் சொன்னார். குதிரையைக் கொண்டுவர முடியாததால் வழக்கு விழுந்து, வெற்றி ஆர்லாண்டோவுக்குப் போனது. இந்த மோசடி நடந்த இடம் தடமே அல்ல, குதிரையின் வாய். முன்பற்களில் நடு இரண்டு பாற்பற்களும் ஏறத்தாழ இரண்டரை வயதில் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். அவற்றையடுத்த இரண்டும் மூன்றரை வயதில் மாறும். ஆகவே மே மாதத்தில் கீழ்த்தாடையைப் பார்த்தால், மூன்று வயதுக் குதிரைக்கு இரண்டு பெரிய பற்களும் நான்கு வயதுக் குதிரைக்கு நான்கு பெரிய பற்களும் இருக்கும். அதே பந்தயத்தில் காலொடிந்து கொல்லப்பட்ட லியாண்டர் என்ற குதிரையின் தாடையையும் பிறகு பரிசோதித்து, அதற்கும் நான்கு வயது என்றார்கள்.

கொடியை விட்டுவிட்டு, எம்-சீலைப் பிசைந்து, கட்டைவிரல் நகம் அளவுக்கு இரண்டு தாடைகள் செய்தேன். பற்களுக்குக் குருணை அரிசியும் முழு அரிசியும். ஒன்றில் முழு அரிசி இரண்டு, மற்றதில் நான்கு. எம்-சீல் இறுகுவதற்குள் சாமணத்தால் அரிசியை நிறுத்துவது சுலபமல்ல, மூன்று தாடைகள் வீணாயின. இந்த வேலையிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

கடைசி நேர்ப்பகுதி மூன்றரை ஃபர்லாங் (எட்டு ஃபர்லாங் ஒரு மைல்), மாதிரியில் 35 சென்டிமீட்டர். நிலம் உள்வேலிப் பக்கம் சாய்ந்திருப்பதால் களைத்த குதிரைகள் இடப்பக்கம் நழுவும். அந்தச் சாய்வுக்காக ஓரத்தில் ஒரு சார்ட் அட்டையை மட்டும் கூடுதலாகக் கொடுத்தேன். 1981-இல் ஷெர்கார் 10 குதிரை நீள இடைவெளியில் வென்றதைப் பெரிதாகக் காட்ட நினைத்திருந்தேன். இரு கொடிகளுக்கும் நடுவே வந்தது 12 மில்லிமீட்டர்தான். ஆனால் 2010-இல் வொர்க்ஃபோர்ஸ் என்ற குதிரை 2 நிமிடம் 31.33 நொடியில் ஓடியதைக் கைப்பேசிக் கடிகாரத்தை வைத்து, நொடிக்கு 8 மில்லிமீட்டர் வீதம் விரலை நகர்த்திப் பார்த்தபோது, அந்த 12 மில்லிமீட்டரைக் கடக்க ஒன்றரை நொடி ஆயிற்று. ஷெர்கார் கொடியை அதன்பின் தொடவில்லை.

பெண் குதிரைகளுக்குச் சிவப்புக் கொடி. காயடித்த குதிரைகளுக்கு இடமில்லாத இந்தப் பந்தயத்தில் ஆண் குதிரைகளைவிட 3 பவுண்டு குறைந்த எடையுடன் ஓடும் சலுகை பெண் குதிரைகளுக்கு இருந்தும், அதே தடத்தில் அவற்றுக்கென்றே ஓக்ஸ் பந்தயம் நடப்பதால் டெர்பிக்கு வருபவை குறைவு. 1801-இல் எலினார் தொடங்கி 1916-இல் ஃபிஃபினெல்லா வரை ஆறு மட்டுமே வென்றிருக்கின்றன. ஆறு கொடிகள் வெட்டி, ஐந்தைத்தான் பலகையில் குத்த முடிந்தது. 1915 முதல் 1918 வரையும் 1940 முதல் 1945 வரையும் போர்க்காலம் என்பதால் பந்தயம் நியூமார்க்கெட்டில் நடந்தது. அந்தப் பத்து ஆண்டுகளுக்கு எப்சம் மேட்டில் இடமில்லை. அவற்றை ஒரு தெர்மோகோல் பட்டையில் வரிசையாகக் குத்தி, பலகைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்; ஒன்பது வெள்ளைக் கொடிகளுக்கு நடுவே ஃபிஃபினெல்லாவின் சிவப்புக் கொடி நிற்கிறது. இனி வார்னிஷ் மட்டும்தான் பாக்கி.