பனிக்காலத்தில் ஐந்து ஆடிஷன்கள்: முதுநிலை வயலின் சேர்க்கைக்குச் செல்பவர்களுக்கு

மார்ச் இறுதியில் கடைசி முடிவும் வந்துவிட்டது. முதுநிலை வயலின் படிப்புக்காக ஐந்து இசைப்பள்ளிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டில் இடம் கிடைத்தது. அவற்றுள் ஒன்று கட்டணத்தின் பெரும்பகுதியை உதவித்தொகையாகவும் தருகிறது. ஒன்றில் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறேன். மற்ற இரண்டில் இடமில்லை என்று எழுதிவிட்டார்கள். அந்த இரண்டில் ஒன்று நான் மிகவும் விரும்பிய பள்ளி. அங்கே எனக்கு இடம் போனதற்குக் காரணம், ஆடிஷனுக்கு முந்தைய இரவு விடுதி அறையின் காற்றை நான் கவனிக்காமல் விட்டதுதான் என்று இன்றும் நம்புகிறேன். ஆகவே இதில் ஈரப்பதத்தைப் பற்றியே மிகுதியாக எழுதப்போகிறேன். முன்தேர்வுக்கு அனுப்பும் வாசிப்புப் பதிவு, படைப்புகளின் தேர்வு போன்றவற்றை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள்.

நான் இளநிலை படிப்பது நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே. ரோசெஸ்டரின் ஈஸ்ட்மன், கிளீவ்லாண்ட் இசைக்கழகம், பாஸ்டனின் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்று வயலின் மாணவர்கள் நாடும் பள்ளிகள் பலவும் பனி கொட்டும் வட்டாரத்திலேயே இருக்கின்றன. ஆடிஷன்களோ பெரும்பாலும் ஜனவரி பிற்பாதிக்கும் மார்ச் தொடக்கத்துக்கும் இடையில் நடக்கின்றன. ஏரியின் நீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருப்பதால், அதன் மீது வீசும் குளிர்காற்று ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து கரையில் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனி ஒடுங்கிய பட்டைகளாக இறங்கும். உங்கள் விடுதி வாசலில் வெயில் அடிக்கும்போதே சில கிலோமீட்டர் தள்ளி நெடுஞ்சாலை கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். கிளீவ்லாண்ட், பஃபலோ பக்கம் இருக்கும் ஈரி ஏரி ஆழம் குறைந்தது. கடுங்குளிர் ஆண்டுகளில் பிப்ரவரிக்குள் பெரும்பகுதி உறைந்துவிடுவதால் அந்தப் பக்கத்தில் பனி தணியும். ஒன்டாரியோ ஆழமானது, எளிதில் உறைவதில்லை. எனவே பிப்ரவரி ஆடிஷன் ரோசெஸ்டர், சிரக்யூஸ் பக்கம் இருந்தால் கூடுதலாக ஒரு நாளை ஒதுக்கிவிடுங்கள்.

இனி அந்த இரவு. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 14 டிகிரி செல்சியஸ். அறைக்குள் நுழைந்ததும் வெப்பக் கருவியை உச்சத்தில் வைத்தேன். ஒரு மணி நேரம் வாசித்தேன். களைப்பில் வயலின் பெட்டியைத் திறந்தபடியே அந்தக் கருவியை ஒட்டிய மேசையில் விட்டு உறங்கிவிட்டேன். காலை ஆறு மணிக்குப் பார்த்தால் தந்திகளை முறுக்கும் இரண்டு பிருடைகள் சுருங்கித் தளர்ந்து, தந்திகள் தொய்ந்து, அவற்றைத் தாங்கி நிற்கும் குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அதை நிமிர்த்திச் சுருதி சேர்த்து வில்லை வைத்ததும், ஒவ்வொரு சுரத்தோடும் ஈ ஒன்று கூடவே பறப்பதுபோல் ஓர் இரைச்சல் எழுந்தது. விரல் கணுவால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். தாடைத்தாங்கிக்கு அருகில், இரண்டு அங்குல நீளத்துக்கு, கணீரென்று கேட்க வேண்டிய ஒலி சொத்தென்று அடைத்துக் கேட்டது. மேல்பலகை பக்கச் சட்டத்திலிருந்து பிரிந்திருந்தது. என் ஆடிஷன் நேரம் காலை 9.40. அன்று சனிக்கிழமை, அதற்குள் திறக்கும் பழுதுபார்க்கும் கடை எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த இரைச்சலோடேயே வாசித்தேன். இரண்டாவது படைப்பின் முதல் பக்கம் முடிவதற்குள் நிறுத்தி நன்றி சொல்லிவிட்டார்கள்.

பின்னர் அதை ஒட்டித் தந்தவர் சொன்னது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. வயலினின் பலகைகளை விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசையால் ஒட்டுகிறார்கள். மரம் சுருங்கி இழுக்கும்போது பலகை வெடிப்பதற்கு முன்னால் ஒட்டு விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே ஒட்டு பிரிந்ததால் என் வயலின் தப்பியது. ஆனால் அந்தக் காலை திரும்பி வராது.

குளிர்ந்த காற்றால் ஈரத்தை அதிகம் தாங்க முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்தே இருந்தாலும், நீர் சேர்க்காமல் அதை 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் ஏறக்குறைய 10 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வயலினுக்கு வேண்டியது 40 முதல் 60 வரை. ஆக, வெளியே குளிர் கூடக்கூட அறைக்குள் வறட்சி கூடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி மூன்று ஆடிஷன்களுக்கு நான் கடைப்பிடித்தவை இவை:

- பெட்டிக்குள் ஒரு சிறிய ஈரப்பதமானி. அது 35க்குக் கீழே இறங்கினால் வேறு எந்த வேலையையும் விட்டுவிட்டு அதைக் கவனியுங்கள்.
- வயலினின் துளைக்குள் தொங்கவிடும் ஈரக்குழாயைத் தினமும் நனைத்து, நன்றாகத் துடைத்த பிறகே உள்ளே விடுங்கள். சொட்டும் நீர் உலர்ந்த காற்றைவிடக் கெடுதல்.
- வெளியிலிருந்து வந்ததும் பெட்டியைத் திறக்கக் கூடாது. மூடியபடியே அரைமணி முதல் ஒரு மணி நேரம் அறையில் இருக்கட்டும்.
- விடுதியில் வெப்பத்தைக் குறைத்து, நனைத்த துண்டுகளைக் கட்டிலைச் சுற்றித் தொங்கவிட்டு, பெட்டியை வெப்பக் கருவியிலிருந்து தள்ளி வையுங்கள்.
- வில்லின் முடி வறட்சியில் சுருங்கித் தண்டை இழுக்கும். வாசித்து முடித்தவுடன் முழுவதும் தளர்த்துங்கள்.
- உறங்கும் முன் ஒருமுறை விளிம்பைத் தட்டிப் பாருங்கள். காலையில் தெரிவதைவிட இரவில் தெரிவது நல்லது.

கல்லூரியைப் பொறுத்தவரை ஒன்றுதான் முக்கியம்: வசந்தப் பருவத்தின் முதல் வாரத்திலேயே எல்லா ஆசிரியர்களுக்கும் தேதிகளை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். எஃப்-1 என்னும் அமெரிக்க மாணவர் விசாவில் இளநிலை படிப்பவர்கள் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் அளவுக்குப் பாடங்கள் எடுத்தாக வேண்டும் என்பதால், நினைத்தபடி பாடங்களைக் கைவிட முடியாது. கடைசிப் பருவமாக இருந்து பட்டத்துக்கு அவ்வளவு தேவைப்படாவிட்டால், பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் அனுமதியோடு குறைத்துக்கொள்ளலாம். நான் அதைக் கேட்கத் தவறினேன். நான்கு வார இறுதிகளில் பயணம் செய்துவிட்டு, திங்கட்கிழமை காலை இசைக் கோட்பாட்டு வகுப்பில் உட்கார்ந்திருப்பது மிகக் கடினமாக இருந்தது.

பயணத்தில், ஆடிஷனுக்கு இரண்டு இரவுகள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். ஒரு நாள் முன்னதாகப் போவது போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட அமைதியானவர்களாக இருக்கலாம். பனியால் விமானம் ரத்தாகி, நீங்கள் பயணத்தைக் கைவிட்டால் பயணச்சீட்டுப் பணம் முழுவதும் திரும்பக் கிடைக்க வேண்டும். ஆனால் வானிலை காரணமென்றால் தங்கும் செலவை விமான நிறுவனம் ஏற்க வேண்டும் என்ற விதி இல்லை. இடம் இருந்தால் வயலினைக் கைப்பையாக ஏற்க வேண்டும் என்பது 2015 முதல் நடைமுறையில் உள்ள விதி. அந்த ‘இடம் இருந்தால்’ என்பதற்காகவே முதலில் ஏறுபவர்களுள் ஒருவராக இருங்கள். நான் இரண்டு முறை ரயிலில் சென்றேன். சிகாகோவுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓடும் லேக் ஷோர் லிமிடெட் ரோசெஸ்டர், பஃபலோ, கிளீவ்லாண்ட் வழியாகவே போகிறது; கிளீவ்லாண்டுக்கு மட்டும் விடியலுக்கு முந்தைய இருளில் போய்ச் சேரும் என்பதால் எங்கே காத்திருப்பது என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பனிப்புயலால் வர முடியாது என்று தெரிந்த உடனே, உங்கள் நேரம் கடந்துபோவதற்கு முன்பாகவே, சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதுங்கள். எனக்கு ஒரு பள்ளி வேறு தேதி தந்தது.

வாசிக்கும் நாளில் விரல்கள் பிரிந்த கையுறையைவிட விரல்கள் சேர்ந்திருக்கும் கையுறையே சூட்டைக் காக்கும். பனிக்காலணியோடு போய், உள்ளே மாற்றுக் காலணி அணியுங்கள். சாலையில் தூவும் உப்பு கறுப்புத் தோலில் வெள்ளைக் கறையாகப் படியும். மற்ற மாணவர்களோடு பேசாமல், வெந்நீரில் கைகளை நனைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பதே எனக்கு ஒத்துவந்தது.

உதவித்தொகையோடு வந்த இடத்துக்கு ஏப்ரல் 15க்குள் விடை சொல்ல வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் வைத்த பள்ளிக்கு, இன்னும் விருப்பம் இருப்பதாக நேற்று எழுதிவிட்டேன். வயலின் மேசையில் இருக்கிறது. பெட்டிக்குள் ஈரப்பதம் 44.