எல்.சி. திறந்தால் மட்டும் போதாது

கோயம்புத்தூரில் பட்டறை நடத்தும் என் நண்பர், சீனாவின் சாந்தோங் மாகாணத்திலிருந்து லேசர் கட்டிங் மெஷின் ஒன்றை வரவழைக்கப் போகிறார். விற்பவர் முன்கூட்டி அனுப்பிய விலைப்பட்டியலான ப்ரோஃபார்மா இன்வாய்ஸில், முப்பது சதவீதம் முன்பணம், மீதி எழுபது சதவீதம் கப்பலில் ஏற்றும் முன் என்ற வழக்கமான நிபந்தனையே இருந்தது. மெஷின் கண்ணில் படுவதற்கு முன்பே முழுத் தொகையும் கையை விட்டுப் போய்விடும் என்பதுதான் இதன் பொருள். இறக்குமதி ஆவணங்களோடு அன்றாடம் புழங்குபவன் என்பதால் அவரிடம் நான் சொன்னவற்றை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

குறிப்பிட்ட ஆவணங்களைக் கொடுத்தால் விற்பவருக்கு வங்கியே பணம் தரும் என்ற உறுதிக் கடிதம்தான் எல்.சி. வங்கியில் அதைத் திறந்துவிட்டால் பயமில்லை என்று பலரும் நம்புகிறார்கள். அது பாதிதான் உண்மை. எல்.சி.க்களுக்குப் பொதுவாகப் பொருந்தும் யு.சி.பி. 600 விதிகள், 2007 ஜூலை முதல் நடைமுறையில் இருப்பவை. அவற்றின் ஐந்தாம் பிரிவு, வங்கிகள் ஆவணங்களைத்தான் கையாளுகின்றன, சரக்கை அல்ல என்று தெளிவாகவே சொல்கிறது. பெட்டிக்குள் துருப்பிடித்த இரும்பு இருந்தாலும், தாள்கள் நிபந்தனைகளோடு ஒத்துப்போனால் வங்கி பணம் கொடுத்தாக வேண்டும். கப்பல் நிறுவனம் தரும் சரக்கு ரசீதான பி.எல்.லும் இதில் கைகொடுக்காது. உள்ளே இன்னது இருப்பதாக அனுப்புபவர் சொன்னார் என்ற வாசகத்தோடுதான் மூடிய கன்டெய்னருக்கு அது பெரும்பாலும் வழங்கப்படுகிறது.

ஆகவே எல்.சி.யின் பலம் முழுவதும், அதில் நாம் கேட்டு எழுதும் ஆவணப் பட்டியலில்தான் இருக்கிறது. எஸ்.ஜி.எஸ்., பீரோ வெரிட்டாஸ் போன்ற ஆய்வு நிறுவனம் ஒன்றை நாமே அமர்த்தி, கட்டணத்தையும் நாமே கட்டி, அதன் சான்றிதழ் இல்லாமல் பணம் இல்லை என்று எழுதிவிட வேண்டும். அந்த ஆய்வாளர் பெயிண்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் பயனில்லை. நாம் குறிப்பிடும் கனத்தில் தகடு போட்டு மெஷினை ஓட்டிப் பார்க்க வேண்டும். மிக விலையுயர்ந்த பாகமான லேசர் சோர்ஸின் வரிசை எண்ணைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அந்த எண் உண்மையானதா என்று அதைத் தயாரித்த நிறுவனத்திடமே கேட்டுக்கொள்ளலாம்.

ஆய்வு முடிந்த பிறகும் ஓர் இடைவெளி இருக்கிறது. 2020இல் ஜெனீவாவைச் சேர்ந்த மெர்குரியா என்ற பெரும் வணிக நிறுவனம், சுமார் 36 மில்லியன் டாலர் கொடுத்துத் துருக்கியிலிருந்து தாமிரம் வாங்கியது. சீனத் துறைமுகத்தில் கன்டெய்னர்களைத் திறந்தபோது உள்ளே இருந்தவை சாயம் பூசிய நடைபாதைக் கற்கள். ஆய்வுக்குப் பிறகு கன்டெய்னர்களைத் திறந்து சரக்கை மாற்றி, போலி சீல் போட்டிருந்தார்கள். அத்தனை அனுபவமுள்ள நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், பட்டறைக்காரர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மெஷினை ஏற்றும்போதும் ஆய்வாளர் உடனிருந்து, சீலைத் தாமே பூட்டி, அதன் எண்ணைச் சான்றிதழில் எழுத வேண்டும். இங்கே சுங்க வேலைகளைப் பார்க்கும் நம் கிளியரிங் ஏஜென்ட், கதவைத் திறப்பதற்கு முன் அந்த எண்ணை ஒப்பிட வேண்டும்.

காப்பீட்டையும் விற்பவரிடம் விடக்கூடாது என்பது என் கருத்து. காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலையில் வாங்கினால், சர்வதேச வணிக நிபந்தனை விதிகளான இன்கோடெர்ம்ஸ் 2020இன்படி அவர் எடுக்க வேண்டியது குறைந்தபட்சக் காப்பீடு மட்டுமே. கப்பலில் ஏற்றுவது வரை மட்டும் விற்பவர் பொறுப்பேற்கும் எஃப்.ஓ.பி.யில் வாங்கி, எல்லா ஆபத்துகளுக்குமான பாலிசியை இங்கேயே எடுப்பது நல்லது.

பேச்சு முடியும் தறுவாயில், தணிக்கை நடப்பதால் வேறு கணக்குக்குப் பணம் அனுப்புங்கள் என்று விற்பவர் பெயரில் மின்னஞ்சல் வந்தால், அது மோசடியாக இருக்கலாம், அதற்குப் பதில் எழுதவே வேண்டாம். முன்பே தெரிந்த எண்ணில் அழைத்து, அவர் குரலைக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும்.

கோவை நீதிமன்றத்தின் தீர்ப்பைச் சீனாவில் நிறைவேற்ற வைப்பது நடைமுறையில் இயலாத காரியம். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று நிறைவேற்றுவதற்கான 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் இரு நாடுகளும் இருப்பதால், ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் நடுவர் மன்றத்தைக் குறிப்பிடும்படி நண்பரிடம் சொல்லியிருக்கிறேன். விற்பவர் அதற்கு ஒப்புக்கொண்டார், எல்.சி. செலவுக்காக மட்டும் விலையைச் சற்று உயர்த்தக் கேட்கிறார். அதைக் கொடுத்துவிடுங்கள், ஆய்வுச் சான்றிதழை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள் என்று நண்பருக்குச் சொன்னேன்.