எங்கள் மாடித்தோட்டத் தளமும் கூகுள் தேடலும்: இதுவரை செய்தவை

நானும் அண்ணியும் சேர்ந்து மாடித்தோட்டம் பற்றி ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். விளம்பரம் கிடையாது, விற்பனை கிடையாது. தொட்டியில் கத்தரியும் செம்பருத்தியும் கொய்யாவும் வளர்க்கும்போது கற்றுக்கொண்டதை எழுதி வைக்கிறோம். தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சுட்டி அனுப்பினால் படிப்பார்கள். ஆனால் சாயங்காலம் தண்ணீர் ஊற்றப் போன இடத்தில் பூச்சியைப் பார்த்துப் பதறி, போனை எடுத்துத் தேடுகிற முகம் தெரியாத ஒருவருக்கும் எங்கள் பக்கம் கிடைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. அதற்காகத்தான் இந்த வருஷம் எஸ்சிஓ வேலையை, அதாவது தேடல் முடிவுகளில் பக்கம் தென்படும்படி தளத்தைச் சீராக்கும் வேலையை, கையில் எடுத்தேன்.

முதலில் கூகுள் சர்ச் கன்சோல். நம் தளம் கூகுள் தேடலில் எப்படித் தென்படுகிறது என்று தளம் நடத்துகிறவருக்குக் காட்டும் கருவி. இது இலவசம். தளம் நம்முடையதுதான் என்று காட்ட, டொமைன் (தளத்தின் பெயர்) வாங்கிய இடத்தில் அந்தப் பெயருக்கான டிஎன்எஸ் அமைப்புப் பகுதிக்குப் போய் அவர்கள் தருகிற ஒரு வரியை ஒட்ட வேண்டும். அது முடிந்ததும் சைட்மேப்பை, அதாவது தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் கோப்பை, கொடுத்தேன். ஒரு சைட்மேப் கோப்பில் 50,000 முகவரிகள் வரை வைக்கலாம். எங்களிடம் நூறுகூட இல்லை, அதனால் ஒரே கோப்பு தாராளம். ஒவ்வொரு பக்கத்துக்கும் 'பிரையாரிட்டி' என்று ஓர் எண் போடச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய உலவுகின்றன. அந்த எண்ணைப் பார்ப்பதில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. கடைசியாகத் திருத்திய தேதியை மட்டும் உண்மையாகப் போட்டால் போதும். மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்கின் வெப்மாஸ்டர் கருவிக்கு இதே விவரங்களை சர்ச் கன்சோலில் இருந்தே இறக்கிக்கொள்ளலாம், அதையும் செய்துவிட்டேன்.

கன்சோலில் சில பக்கங்கள் 'வந்து பார்த்தோம், ஆனால் இன்டெக்ஸில் சேர்க்கவில்லை' என்ற நிலையில் இருந்தன. இன்டெக்ஸ் என்பது தேடலில் காட்டுவதற்காகக் கூகுள் வைத்திருக்கும் பக்கப் பட்டியல். பெரும்பாலும் நாலு வரிக் குறிப்புகள். விதை நேர்த்தி பற்றி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தவற்றைச் சேர்த்து ஒரே முழுப் பக்கமாக எழுதி, பழைய முகவரிகளை 301 ரீடைரக்ட் (நிரந்தரத் திருப்பிவிடல்) மூலம் அதற்குத் திருப்பினேன். சேர்த்து எழுதிய பக்கம் இன்டெக்ஸில் ஏறிவிட்டது.

அப்புறம் வந்ததுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கன்சோலில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்று ஓர் அறிக்கை உண்டு. யார் தேடினார்கள் என்று காட்டாது, என்ன தேடினார்கள் என்று காட்டும். எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை முறை தென்பட்டது, எத்தனை பேர் அழுத்தினார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்பதெல்லாம் பதினாறு மாதம் வரை பின்னோக்கிப் பார்க்கலாம். மிக அரிதான தேடல்களைத் தனியுரிமைக்காக மறைத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பதே சின்னத் தளத்துக்கு ஏராளம்.

எங்கள் மாவுப்பூச்சிப் பக்கத்துக்கு 'மாவுப்பூச்சி மேலாண்மை' என்று தலைப்பு. வேளாண் கையேடுகளில் அப்படித்தான் போடுவார்கள். அறிக்கையைத் திறந்து பார்த்தால், வந்த தேடல்களில் அந்தப் பெயரே அபூர்வம். 'செம்பருத்தி செடியில் வெள்ளை பூச்சி', 'செடியில் எறும்பு வராமல் இருக்க', 'இலை மேல் கருப்பாக இருக்கிறது' என்றுதான் வரிசையாக இருந்தன. அண்ணியிடம் காட்டினேன். ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க பூச்சியோட பேரைப் போட்டு எழுதியிருக்கீங்க தம்பி. அந்தப் பேரு தெரிஞ்சவங்க எதுக்குத் தேடப் போறாங்க?"

எஸ்சிஓ பற்றி நான் படித்த எதையும்விட இந்தக் கேள்வி உபயோகமாக இருந்தது. அந்த மூன்று தேடலுக்கும் காரணம் ஒன்றேதான். மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி இனிப்பான பிசுபிசுப்பை வெளியேற்றும். அதற்காக எறும்பு வரும், வந்து பூச்சியைப் பாதுகாக்கவும் செய்யும். இலையில் படிந்த பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் வளரும். எறும்பை மட்டும் விரட்டுகிறவருக்கும் இலையை மட்டும் துடைக்கிறவருக்கும் பிரச்சினை தீராது. ஆக, தேடி வருகிறவர் கண்ணில் படும் அடையாளத்தில் தொடங்கிக் காரணத்துக்குக் கூட்டிப்போகும்படி பக்கத்தைத் திரும்ப எழுதினோம். தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பது, ஒரு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து மாலையில் தெளிப்பது, எறும்பு ஏறும் வழியை அடைப்பது எல்லாம் முன்பும் இருந்தவைதான். வரிசையும் துணைத்தலைப்புகளும்தான் மாறின. ரோஜா, கொய்யா பக்கங்களில் இருந்தும் இதற்கு இணைப்பு கொடுத்தேன்.

தலைப்பை 'செம்பருத்தியில் வெள்ளைப் பூச்சி: மாவுப்பூச்சியை விரட்டும் வழிகள்' என்று மாற்றினேன். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் அகலத்தைப் பொறுத்தது. நம் எழுத்துகள் அகலமானவை. 'ணை', 'சௌ' மாதிரி வந்தால் இன்னும் இடம் பிடிக்கும். அதனால் ஆங்கிலத் தளங்களுக்குச் சொல்லப்படும் எழுத்துக் கணக்கை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முக்கியமான சொல் முன்னால் வர வேண்டும், வெட்டுப்பட்டாலும் பொருள் புரிய வேண்டும்.

பலன் உடனே தெரியவில்லை. சில மாற்றங்கள் சில மணி நேரத்திலும் சில மாற்றங்கள் பல மாதங்கள் கழித்தும் தெரியலாம் என்று கூகுளின் தொடக்க வழிகாட்டியே சொல்கிறது. எங்கள் பக்கம் மூன்றாம் பக்கத்து முடிவுகளில் இருந்து மெதுவாக மேலே ஏறி, இப்போது செம்பருத்தித் தேடல்களுக்கு முதல் பக்கத்தின் கீழ்ப்பாதியில் நிற்கிறது. 'மாவுப்பூச்சி' என்ற சொல்லுக்கும் இடம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சில வேலைகள் உண்டு. பக்க முகவரியைத் தமிழில் வைக்கலாம், கூகுளுக்கு அதில் சிக்கல் இல்லை. ஆனால் எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் (எழுத்தும், துணைக்குறியும் தனித்தனியே) மூன்று பைட். முகவரியை நகலெடுத்து ஒட்டும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாக விரிந்துவிடும். 'மருதாணி' என்ற ஒரு சொல் 63 எழுத்து நீளத்துக்குப் போகும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு சுட்டி வந்தால் அழுத்தவே பலர் தயங்குவார்கள். அதனால் புதிய பக்கங்களுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ்ச் சொல்லையே முகவரியாக வைக்கிறேன். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டித் தேடுகிறவர்களும் எங்கள் அறிக்கையில் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்காகத் தனியே தங்கிலீஷ் பக்கம் எழுத எனக்கு மனமில்லை. தமிழில் எழுதிய பக்கமே அந்தத் தேடல்களிலும் அவ்வப்போது தென்படுகிறது.

இன்னொன்று, ஔகாரம். கொய்யாவைத் தின்ன வரும் வௌவால் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது. 'வௌவால்' என்பதைச் சரியான ஔகாரக் குறியோடும் எழுதலாம், 'வெ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத் தெரியும், கணினிக்கு வெவ்வேறு. பௌர்ணமி, ஔவையார் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். தளம் முழுக்கத் தேடி, எல்லாவற்றையும் சரியான யூனிகோட் வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். தேடலில் இது எவ்வளவு உதவினாலும் சரி, எழுத்து சரியாக இருக்க வேண்டும்.

வேகம் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தைத்தான் பார்த்து இன்டெக்ஸ் செய்கிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும், அழுத்தினால் 200 மில்லிவினாடிக்குள் அசைவு வேண்டும், படிக்கும்போது பக்கம் குதிக்கக் கூடாது என்பவை அவர்கள் வைத்திருக்கும் அளவுகோல்கள். எங்களுக்குச் சுமை முழுக்கப் படங்களில்தான். போனில் எடுத்த படங்களை 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றினேன். ஒவ்வொரு படத்துக்கும் அகலமும் உயரமும் குறித்ததும் குதிப்பது நின்றது. தனியாக ஏற்றிக்கொண்டிருந்த எழுத்துருவையும் எடுத்துவிட்டேன், போனில் இருக்கும் தமிழ் எழுத்துருவே படிக்க நன்றாக இருக்கிறது. படங்களின் மாற்றுரையில் (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான விளக்க வரியில்) 'செம்பருத்தி மொட்டில் படிந்த மாவுப்பூச்சி' என்பது போல இருப்பதை இருக்கிறபடி எழுதினேன். பார்வையற்ற வாசகருக்கு அது அவசியம். படத் தேடல் வழியாகவும் ஆட்கள் வரத் தொடங்கியிருக்கிறார்கள்.

செய்யாமல் விட்டவையும் உண்டு. வாசகர் கண்ணில் படாமல் பக்கத்தின் நிரலில் இருக்கும் 'கீவேர்ட்ஸ்' மெட்டா டேகில் சொற்களை அடுக்கச் சொல்லும் காணொளிகள் இன்னும் வருகின்றன. ரேங்கிங்குக்கு (முடிவுகளை வரிசைப்படுத்த) அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. கேள்வி பதில் ஸ்கீமா (பக்கத்தில் கேள்வி பதில் இருப்பதைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு) சேர்த்தால் தேடல் முடிவில் பெரிதாகக் காட்டும் என்பதும் பழைய சேதி. 2023-ல் அந்த வசதியை அரசு, சுகாதாரத் தளங்களோடு சுருக்கிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் பேக்லிங்க் (மற்ற தளங்களில் இருந்து நம் பக்கத்துக்கு இணைப்பு) வாங்கித் தருகிறோம் என்று மின்னஞ்சல்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பக்கத்தை மற்ற பக்கங்கள் சுட்டுவதை வைத்து அதன் மதிப்பை அளக்கலாம் என்பதுதான் கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் முன்வைத்த பேஜ்ரேங்கின் அடிப்படை. அந்த மதிப்பைக் காசு கொடுத்து வாங்குவது கூகுளின் ஸ்பாம் விதிகளுக்கு எதிரானது. விதி இல்லாவிட்டாலும் நான் வாங்க மாட்டேன். நாட்டு விதை பகிரும் ஒரு குழு, எங்கள் விதை நேர்த்திப் பக்கத்தைத் தங்கள் தளத்தில் தானாகவே சுட்டியிருக்கிறது. அதைப் பார்த்த அன்று அண்ணிக்கு அவ்வளவு சந்தோஷம்.

இப்போது கையில் இருப்பது ஆடிப்பட்டப் பக்கம். என்ன விதைக்கலாம் என்ற தேடல் ஆடி பிறந்த பிறகு எழுவதில்லை, ஆனியிலேயே ஏறத் தொடங்கிவிடுகிறது என்பது போன வருஷத்து அறிக்கையில் தெளிவாகத் தெரிகிறது. வருஷத்துக்கு ஒரு புதுப் பக்கம் போடாமல், ஆண்டு எண் இல்லாத ஒரே முகவரியை வைத்து அதையே ஒவ்வொரு முறையும் திருத்தப் போகிறேன். கத்தரி, வெண்டை, மிளகாய், அவரை, பாகல், புடலை பகுதிகளை அண்ணி எழுதி முடித்துவிட்டார். தொட்டியின் அளவு எவ்வளவு வேண்டும் என்ற தேடல் அடிக்கடி வருவதால் ஒவ்வொரு செடிக்கும் அதையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். வைகாசிக் கடைசிக்குள் பக்கத்தை ஏற்றிவிட்டு, கன்சோலில் இன்டெக்ஸ் செய்யக் கேட்க வேண்டும்.