பென்ஷனுக்குப் பிறகு ஊழியம்: நான் கடந்து வந்த வழி

பட்டாளத்தில் 17 வருஷம் சர்வீஸ் முடித்து ஹவில்தாராகப் பென்ஷன் வந்தேன். பேங்க் செக்யூரிட்டி வேலைக்கு எழுதிப்போடச் சொன்னார்கள். மிஷனெரி ஊழியத்துக்குப் போகிறேன் என்றதும் அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

ஊழியத்துக்கு அவள் எதிரி இல்லை. ஞானஸ்நானம்தான் அவளுக்கு வலித்தது. நாங்கள் மார்த்தாண்டம் பக்கம், சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை) குடும்பம். கைக்குழந்தையிலேயே எனக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. நான் சேரப்போன பாப்டிஸ்ட் சபையில் அது கணக்கில்லை. விவரம் தெரிந்த வயதில் விசுவாச அறிக்கை செய்து தண்ணீரில் முழுக வேண்டும். "அப்போ நான் எடுத்தது ஞானஸ்நானம் இல்லியா மக்ளே?" என்றாள். ஆறு மாதம் என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

இந்த எண்ணம் முளைத்தது நாகாலாந்தில், மொகொக்சுங் பக்கம் பணியில் இருந்தபோது. ஒரு ஞாயிறு, யூனிஃபார்மோடு ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்துப் பாட்டி தன் பாட்டுப் புத்தகத்தை விரித்து என் கையில் வைத்து, வரியை விரலால் காட்டிக்கொண்டே வந்தார். ஆவோ நாகர்களின் மொழி, ரோமன் எழுத்து. ஒரு சொல்லும் புரியவில்லை. 1872-இல் அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனெரி கிளார்க் அந்த மலைக்கு ஏறியதும், அவருக்கு முன்பே கோதுலா என்ற அசாமிய ஊழியர் வழி திறந்ததும் பிறகுதான் படித்தேன்.

குழித்துறை ஆற்றில் முழுகி எழுந்தபோது கரையில் அம்மா துவர்த்துத் துண்டோடு நின்றாள். வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

பிறகு மூன்று வருஷம் இறையியல் படிப்பு. அதைவிடக் கடினம், என்னை ஊழியத்துக்கு ஏற்பார்களா என்று சபை முன் நின்ற நாள். பாப்டிஸ்ட் முறையில் மேலிருந்து உத்தரவு வராது. சபையார் கேள்வி கேட்டு, கை தூக்கி முடிவு செய்வார்கள். உத்தரவிலேயே வாழ்ந்த எனக்கு, சாதாரண ஜனங்கள் என்னைத் தீர்மானிப்பதற்காகக் காத்து நின்றது புதிது. என்னை நிஜமாகப் பணிய வைத்தது அந்த அரைமணி நேரம்தான்.

பட்டாளத்தில் இருந்தவரை நாகாலாந்துக்குள் போக நான் பெர்மிட் கேட்டதில்லை. இப்போது இன்னர் லைன் பெர்மிட், அதாவது வெளியாட்கள் உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு, வேண்டும். 1873-ஆம் வருஷத்துச் சட்டம். சபையின் அழைப்புக் கடிதத்தை முதலிலேயே வாங்கி வையுங்கள்.

கிளம்பும் முன் இன்னொன்று: பென்ஷன் ஆணையில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். என் வீடு அந்தப் பென்ஷனில்தான் ஓடுகிறது. வருஷா வருஷம் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கவும் மறக்காதீர்கள்.

இப்போது மாணவர் விடுதி ஒன்றில் பையன்களுக்குக் கணக்கும் இந்தியும் சொல்லிக்கொடுக்கிறேன். இரவு ஜெபத்தில் ஆவோ பாட்டை அவர்கள் விரல் வைத்துக் காட்ட, நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்.